மூன்று கல் வைத்த இடம்

அத்தியாயம் ஏழு

“முதலாளி, மோ இந்த மலைமேலேர்ந்து விழுந்து செத்தான்னு போலீஸ் சொல்றதை நான் நம்பல. ஏறும்போதே செத்திருப்பான்.”

நோங் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டிப் போன இரண்டு ஆடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறின.

லியாவ் திரும்பவில்லை. “பேசறதுக்கு மூச்சு இருந்தா ஏறறதுக்கும் இருக்கும் அக்கா.”

“டூரிஸ்ட் கைடா இருந்தவ நான். பஸ்ல உக்காந்துக்கிட்டே மலையைக் கையால காட்டினவ. அதோ யானை, அதோ ஒட்டகம், அதோ கூன் விழுந்த கிழவன். ஒண்ணுமேல கூட ஏறினதில்ல. மலைக்கும் எனக்கும் நடுவுல ஒரு மரியாதை இருந்துச்சு. அதை இன்னிக்கு நீங்க கெடுத்துட்டீங்க.”

மதியம் தூறியிருந்தது. பூனைக்காது மலையின் சுண்ணாம்புக்கல் படிகள் காலங்காலமாகக் கால் பட்டுத் தேய்ந்தவை. ஈரம் பட்டால் எண்ணெய் தடவியது போல ஆகிவிடும். இரண்டு பேரின் ஷூக்களையும் சுற்றி வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. கட்டிவிட்டவள் சூயுன். அடிவாரத்தில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் லியாவை இந்த வழக்குக்குள் இழுத்தவளும் அவள்தான்.

சூயுனின் கணவன் பாவ்லின் மாவட்டக் காவல் நிலையத்தில் அடைபட்டிருந்தான். தன் கூட்டாளி மோ யிங்காயை மலை உச்சியிலிருந்து தள்ளிக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. நாளைக் காலை அவனை வேனில் ஏற்றி குயிலின் நகரத்துக்குக் கொண்டு போகிறார்கள்.

“அங்க போயிட்டா முடிஞ்சுது” என்று கயிற்றை முடிச்சுப் போட்டபடி சூயுன் சொல்லியிருந்தாள். “அங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பதிலை எழுதிக்கிட்டுத்தான் கூட்டிட்டே போறாங்க.”

அவள் அழவில்லை. லியாவுக்கு அது வசதியாக இருந்தது. அழுகிறவர்கள் முன்னால் என்ன செய்வது என்று அவனுக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வாரங்களுக்கு முன், பனி மூடிய ஒரு விடியலில், மோவும் பாவ்லினும் மற்ற புகைப்படக்காரர்களுக்கு முன்பே உச்சிக்குப் போனார்கள். பின்னால் ஏறியவர்களுக்குச் சண்டைச் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அலறல். மேலே போய்ப் பார்த்தால் பாவ்லின் மட்டும் பாறை விளிம்பில் நிற்கிறான். விளிம்பில் மோவின் ஒற்றை ஷூ, கிழிந்த சட்டைக்கை. விளிம்புக்குக் கீழே பாதாளக்குழி. குழிக்கு அடியில் ஆறு ஓடுகிறது. அதில் விழுந்த எதுவும் எங்கே வெளிவரும், வருமா என்றே ஊரில் யாருக்கும் தெரியாது. உடல் கிடைக்கவில்லை.

“சண்டை போட்டோம். பேட்டரி எடுத்துட்டு வான்னு கீழ அனுப்பினான். பாதி வழியில அலறல் கேட்டு ஓடி வந்தேன், ஆள் இல்ல” என்பது பாவ்லினின் வாக்குமூலம். போலீஸ் அதைச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது.

உச்சி வந்தது.

மனிதர்களைவிட கேமரா ஸ்டாண்டுகள்தான் அதிகம் இருந்தன. மூன்று காலைப் பரப்பிக்கொண்டு, பாறை விளிம்பை ஒட்டி, கொக்குக் கூட்டம் மாதிரி. எதன் தலையிலும் கேமரா இல்லை. கீழே லீ ஆறு வளைந்து கிடந்தது. அதைச் சுற்றி மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக, மங்கி மங்கி, வானத்தோடு கலந்துபோயின.

“மலை நல்லாத்தான் இருக்கு” என்றாள் நோங். “பஸ்லேர்ந்து பாத்தா இன்னும் நல்லா இருக்கும்.”

“ஸ்டாண்டைத் தொடாதீங்க!”

மடக்கு நாற்காலியில், மடியில் தேநீர்க் குடுவையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். லியூஜோவிலிருந்து வந்து சீசன் முழுக்க இங்கேயே கிடப்பவர். ஷென் எஞ்சினியர் என்றால் மலை உச்சியின் போக்குவரத்துக் காவலர் என்று சூயுன் சொல்லியிருந்தாள்.

“தொடல ஐயா. மூச்சு வாங்கறேன். அதுக்கும் இடம் பிடிச்சு வச்சிருக்கணுமா?”

“கண்டிப்பா. நாளைக்கு விடியக்காலைல ஒரு குச்சி நட இடம் இருக்காது இங்க. அதனால முந்தின நாளே ஸ்டாண்டை வச்சுட்டுப் போயிடுவோம். ஸ்டாண்டு இல்லாதவன் மூணு கல் வைப்பான். ஸ்டாண்டோட மூணு காலுக்கு மூணு கல். அந்தக் கல்லை யாரும் நகத்த மாட்டாங்க. சூரியன் வந்து எல்லாரும் படம் எடுத்து முடிச்சதும் கல் செல்லாது. உதைச்சுத் தள்ளிடலாம்.”

“இந்த நாட்டுல ஒரு சட்டத்தை எல்லாரும் மதிக்கிறாங்கன்னா, அதை சர்க்கார் போடலைன்னு அர்த்தம்” என்றாள் நோங்.

ஷென் சிரிப்பை அடக்கத் தேநீர் குடித்தார்.

லியாவ் விளிம்பை ஒட்டி நடந்தான். ஸ்டாண்டுகள் ஒன்றோடொன்று கால் பின்னிக்கொண்டு நின்றன. தெற்கு முனையில் மட்டும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெற்றுப் பாறை. இருப்பதிலேயே நல்ல இடம் போலத் தெரிந்தது.

“இது யாரோடது?”

ஷென்னின் குரல் இறங்கியது. “மோவோட இடம். அவன் பொண்டாட்டி லிஹுவா தினம் சாயங்காலம் வந்து கல் வைக்கிறா. ஏழு ஏழு முடியற வரைக்கும் அவன் இடத்துல யாரும் நிக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. செத்தவனுக்கு ஏழு வாரத் துக்கம். யாரு மறுப்பா? நாங்க இடத்துக்கு அடிச்சுக்கிற ஆளுங்கதான். ஆனா மனுஷங்க.”

“அவரு போனதுக்கப்புறம் இங்க நின்னு யாருமே படம் எடுக்கலையா?”

“ஒருத்தரும் இல்ல.”

பேச்சு முடிவதற்குள் லிஹுவா வந்துவிட்டாள். தலையில் சிறிய வெள்ளைப் பூ, கையில் மூடிய மூங்கில் கூடை. அவள் மூச்சு வாங்கவில்லை. தினமும் ஏறுகிற கால்கள். யாரையும் பார்க்காமல் தெற்கு முனைக்குப் போனாள். பிற்பகலில் யாரோ ஓரமாகக் குவித்திருந்த கற்களிலிருந்து மூன்றை எடுத்து வைத்தாள். கூடையிலிருந்து ஒரு கிண்ணம் சோறு, ஒரு துண்டு சேம்பங்கிழங்கு, கொஞ்சம் பன்றி இறைச்சி. சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் கிண்ணத்தின் விளிம்பில் குறுக்காக வைத்தாள். ஊதுபத்தி ஏற்றினாள். மூன்று முறை குனிந்தாள்.

ஷென் தொப்பியைக் கழற்றினார். நோங் கூட வாயை மூடிக்கொண்டாள்.

லியாவ் காத்திருந்தான். பிறகு மெதுவாகப் பக்கத்தில் போனான்.

“அண்ணி, நான் லியாவ். பாவ்லின் விஷயமா—”

“தெரியும். சூயுன் வச்ச ஆள்.” கோபமில்லாத குரல். “அவளுக்கு அவ புருஷன் வேணும். எனக்கு என் புருஷன் வேணும். எனக்கு எங்க போய்க் கேக்கறதுன்னு தெரியல, அவ்வளவுதான்.”

“அன்னிக்கு என்ன சண்டைன்னு தெரியுமா?”

“எதுக்கும் சண்டைதான் அவங்களுக்கு. நீங்க கீழே சூயுனைக் கேளுங்க.”

அவள் எழுந்தாள். இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு கணம் நின்று எதிரே பார்த்தாள். அங்கே அக்கா தங்கை என்று ஊர் சொல்லும் இரண்டு சிகரங்கள். அவற்றின் இடுக்கில் இன்னொரு மலையின் துண்டு. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, வந்த வழியை விட்டு மலையின் பின்பக்கப் பாதையில் இறங்கினாள்.

“அந்தப் பக்கம் எங்க போறாங்க?” என்றான் லியாவ்.

“அம்மா வீடு அந்தப் பக்கம்னு சொல்லுவா” என்றார் ஷென்.

நோங் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தாள். “முதலாளி, கூடை காலியாகல. அதுல பீர் ஊத்தி வேகவச்ச மீன் இருக்கு. இஞ்சி, தக்காளி, புளிச்ச மிளகாய் எல்லாம் போட்டது. செத்தவனுக்கு ஒரு துண்டு சேம்பங்கிழங்கு, அம்மாவுக்கு முழு மீனா? என் மாமியார் கேட்டா அங்கேயே குடியேறிடுவா.”

லியாவ் பாறை விளிம்பையும் அதற்குக் கீழே இருந்த கருங்குழியையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் அவன் போவதில்லை. போக நேர்ந்தால் ஐந்தாவது மாடியின் ஒரு ஜன்னலைப் பார்க்காமல் கடக்க முடிவதில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கழுத்து திரும்பும்.

லிஹுவா குழியை ஒரு முறை கூடப் பார்க்கவில்லை.

---

சூயுனின் கடையில் கூட்டமில்லை. கொலைகாரன் கடை என்று பெயர் விழுந்திருந்தது. அவள் இரண்டு கிண்ணம் நூடுல்ஸை வைத்தாள். வறுத்த வேர்க்கடலை, ஊறுகாய்ப் பயறு, பொரித்த இறைச்சி எல்லாம் வழக்கத்தைவிடத் தாராளமாகவே மேலே கிடந்தன.

“என்ன சண்டை?” என்றான் லியாவ்.

“விடுதி.” சூயுன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். “மோ அண்ணனும் இவரும் சேந்து கட்டினது. மலைக்குக் கம்பில தொங்கிப் போற வண்டி போடப் போறாங்க. வண்டி நிக்கிற ஸ்டேஷன் கட்ட விடுதி இருக்கிற இடம்தான் வேணுமாம். மோ அண்ணனுக்கு அதை வித்துடணும்னு ஆசை. இவரு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. வண்டி வந்தா எவன் நடந்து ஏறுவான், ஏறாதவன் எதுக்கு நம்ம கடைல திம்பான்னாரு.”

“பாவ்லின் உள்ள போயிட்டா?”

“கொலைகாரன் கையெழுத்துக்கு யாரு காத்திருப்பா? போன வாரம் கம்பெனி ஆள் வந்து லிஹுவா அண்ணிகிட்ட பேசிட்டுப் போனான்.”

நோங் குச்சியை நீட்டினாள். “அப்ப லிஹுவாதான் தள்ளிவிட்டா. ஆளும் போனான், இடமும் வந்துச்சு. இல்லைன்னா அந்த ஷென். அந்த ஆளு அந்த வெத்துப் பாறையைப் பாக்கிற பார்வையைப் பாத்தீங்களா? நான் என் கல்யாணத்துல கூட அப்படி யாரையும் பாத்ததில்ல.”

“ரெண்டும் இல்ல.”

“அப்ப ஆட்டைத்தான் பிடிக்கணும். அதுங்க பார்வையும் சரியில்ல.”

லியாவ் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை. “சூயுன், அந்த இடத்துல அப்படி என்ன விசேஷம்? சூரியன் எங்கேர்ந்தும் தெரியுதே.”

“பாவ்லின் சொல்லுவாரு. மத்த இடத்துலேர்ந்து பாத்தா அக்கா தங்கை ரெண்டும் ஒட்டி ஒரே சுவரா தெரியும். மோ அண்ணன் இடத்துல நின்னாத்தான் நடுவுல இடுக்கு திறக்கும். ரெண்டடி இந்தப் பக்கம் போனா மூடிக்கும். அந்த இடுக்குல பின்னாடி இருக்கிற மலை தெரியும். படத்துல ஆழம் வரும்பாரு.”

“பின்னாடி மலைல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. ஜப்பான்காரன் சண்டை சமயத்துல ஊர் ஜனம் ஒளிஞ்சிருந்த குகை ஒண்ணு. பாதை இடிஞ்சு போச்சு. ஆடு போகும்.”

லியாவ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். “பாவ்லினோட பெரிய லென்ஸ் வீட்ல இருக்கா?”

“இருக்கு.” சூயுன் அவன் முகத்தையே பார்த்தாள். “எதுக்கு?”

“நாளைக்குக் காலைல ஒரு பெரிய மரியாதைக்கேடு பண்ணப் போறேன். தப்பாப் போச்சுன்னா உங்க புருஷனுக்கு மலைல மிச்சமிருக்கிற ஒண்ணு ரெண்டு சாட்சியும் எதிராயிடும். செய்யலாமா வேண்டாமா, நீங்கதான் சொல்லணும்.”

அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“வேன் வெள்ளன கிளம்பிடும்” என்றாள். “நான் ஸ்டேஷன் வாசல்ல இருப்பேன். அவர் முகத்தையாவது பாத்துடணும். நீங்க செய்ய வேண்டியதைச் செய்யுங்க.”

---

கிழக்கு வெளுக்கும்போது உச்சி நிரம்பியிருந்தது. குச்சி நட இடமில்லை என்று ஷென் சொன்னது பொய்யில்லை. குவாங்ஜோ பேச்சு, சாங்ஷா பேச்சு, இருமல், பிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம். தெற்கு முனையில் மட்டும் மூன்று கல், ஆறிப்போன சோறு, அணைந்த ஊதுபத்தி. அதற்குப் பின்னால் லிஹுவா கைகட்டி நின்றாள்.

“தினம் காலைலயும் வருவாங்களா?” என்று நோங் ஒருவனிடம் கேட்டாள்.

“ஒரு நாள் தவறாது. நாங்க முடிச்சுக் கிளம்பற வரைக்கும் நிப்பாங்க.”

லியாவ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். தோளில் பாவ்லினின் ஸ்டாண்டு. கையில் முழங்கை நீள லென்ஸ். நேராகப் போய் சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து ஒரு ஓரமாக வைத்தான். பிறகு ஒரு கல்லைக் காலால் நகர்த்தினான்.

உச்சி முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“டேய்!”

“யாருய்யா இவன்?”

“செத்தவன் இடம்டா அது!”

ஷென் எஞ்சினியர் நாற்காலி கவிழ எழுந்து வந்தார். “தம்பி, இந்த மலைல இதுவரைக்கும் ஒருத்தனும் ஒருத்தன் கல்லை நகத்தினதில்ல. அதுவும் துக்கக் கல்!”

லிஹுவா அவன் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. “வேண்டாம். நல்லா இருப்பீங்க. வேண்டாம்.”

லியாவ் கையை விடுவித்துக்கொண்டு ஸ்டாண்டை நட்டான். லென்ஸை இடுக்குக்குத் திருப்பினான். குனிந்து பார்த்தான்.

வெள்ளை.

இடுக்கு முழுக்கப் பனி. பஞ்சு அடைத்தது போல. மலையும் இல்லை, குகையும் இல்லை.

“என்ன தெரியுது?” என்று நோங் காதருகில் கேட்டாள்.

“பனி.”

“முதலாளி, இறங்கறதுக்கு வேற வழி இருக்கா? படி வழியா போனா இவங்க நம்மளைக் கும்பலா இறக்கி விட்டுடுவாங்க. குழி வழியா.”

யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ தோளில் குத்தினார்கள். லியாவ் லென்ஸை விடவில்லை. கீழே எங்கோ அந்த வேன் கிளம்பிக்கொண்டிருக்கும். காவல் நிலைய வாசலில் சூயுன் நிற்பாள்.

சூரியன் ஆற்றுக்கு அப்பால் எட்டிப் பார்த்தது. வழக்கமாக இந்த நேரத்தில் உச்சியெங்கும் ஷட்டர் சத்தம் மழை மாதிரி கேட்கும். இன்று ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பனி மஞ்சளானது. கிழிந்தது. இடுக்கில் ஒரு பாறைச் சுவர் வந்தது. சுவரில் ஒரு கறுப்பு வாய். வாயின் ஓரத்தில் ஒரு கயிறு. கயிற்றில் பூப்போட்ட ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

போர்வைக்குப் பக்கத்தில் ஏதோ பளிச்சென்றது.

லியாவ் குவியத்தைத் திருகினான். பளிச்சென்றது ஒரு கண்ணாடி வட்டம். நேராக அவனையே பார்த்தது. வட்டத்துக்குப் பின்னால் ஒரு தொப்பி, மடங்கிய ஒரு முழங்கை.

அவன் நிமிர்ந்தான். “நோங் அக்கா, பாருங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். வாய் திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“முதலாளி,” என்றாள் கடைசியில், “பொணம் நம்மளைப் போட்டோ எடுக்குது.”

காலரைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. ஷென் நோங்கை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் கண்ணை வைத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“அது நான் லென்ஸுக்கு முன்னால மாட்டற ஹூட்!” என்று அலறினார். “சிவப்பு டேப்பு நான் ஒட்டினது! தொலைஞ்சு போச்சுன்னு சொன்னானே அயோக்கியப் பய!”

“ஷென் எஞ்சினியர்!” லியாவ் முதல் முறையாகக் குரலை உயர்த்தினான். “எல்லாரையும் வரிசையா விடுங்க. ஒவ்வொருத்தரா இங்க நின்னு எடுக்கணும். கேமராவுல தேதி, நேரம் எல்லாம் சரியா இருக்கணும். சீக்கிரம். ஆள் உள்ள போயிடுவான்.”

போக்குவரத்துக் காவலருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வரிசை! வரிசை! குவாங்ஜோக்காரன் முதல்ல! ரெண்டு கிளிக், அடுத்தவன்! ஏய், ஸ்டாண்டு வேணாம், கைல எடு!”

மழை மாதிரி ஷட்டர் விழ ஆரம்பித்தது. அன்று அலறிவிட்டுப் பனியில் பின்பக்கப் பாதையாக நழுவிய மோ யிங்காய், எதிரே நிதானமாகத் தன் கேமராவைச் சாய்த்துப் பிடித்து, பூனைக்காது மலையின் சூரியோதயக் கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் இந்த மலையில் நின்று அந்தப் பக்கம் பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து இந்த மலையை எடுத்த படம் உலகத்தில் யாரிடமும் கிடையாது. விட்டுவிடுவானா?

நோங் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள். பாவ்லின் வழக்கைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் வெய்.

“உயிரோட இருக்கானா? போட்டோவா?” வெய்யின் குரல் கரகரத்தது. “லியாவ், நீ போலீஸ்ல இருந்தவன். மோவோட போட்டோ என்கிட்டயே நூறு இருக்கு. பழசை எடுத்து நீட்டினா வேனை நிறுத்திடுவேனா?”

“ஒரு கேமரான்னா நீங்க சொல்றது சரி. இங்க முப்பது பேர் நிக்கிறாங்க. நாலஞ்சு ஊர்க்காரங்க. பாதிப் பேருக்கு பாவ்லினைப் பிடிக்காது. எல்லார் கேமராவுலயும் இன்னிக்குச் சூரியன் இருக்கு, அவனும் இருக்கான்.”



“இங்க இருக்கிறவங்க சும்மா இருக்க மாட்டாங்க சார்” என்று நோங் போனுக்குள் புகுந்தாள். “படம் எடுத்தவன் சாயங்காலத்துக்குள்ள போட்டிக்கு அனுப்பிடுவான். தலைப்பு கூட வச்சாச்சு. ‘மாவட்டப் போலீஸ் தேடாத மனிதன்.’”

“அந்தப் பொம்பளையை நிறுத்து” என்றார் வெய். பிறகு, “ஆட்டுப் பாதை ரெண்டு பக்கமும் ஆள் அனுப்பறேன். வேனைத் திரும்பச் சொல்றேன்.”

லியாவ் போனை மூடினான். ஓரமாக வைத்த சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் லிஹுவா உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்த வெள்ளைப் பூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை.

“மீன் வாசனையா காட்டிக் கொடுத்துச்சு?” என்றாள், நிமிராமல்.

“அதுவும். நீங்க இந்த இடத்தை யாருக்கோ வச்சிருக்கீங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. யாரும் வரக்கூடாதுன்னு வச்சிருக்கீங்க. பூட்டுப் போட்டிருந்தா ரெண்டாம் நாளே உடைச்சிருப்பாங்க. துக்கத்தைப் போட்டீங்க. ஒதுங்கிட்டாங்க.”

“அது நேத்து சாயங்காலமே தெரிஞ்சுதா?”

“நேத்து தெரிஞ்சது குச்சி.” லியாவ் கிண்ணத்தைப் பார்த்தான். “படுக்க வச்சிருந்தீங்க.”

லிஹுவா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இறந்தவருக்கு வைக்கும் சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட வேண்டும். ஊதுபத்தி மாதிரி. வீட்டில் சின்னப் பிள்ளை விளையாட்டாக நட்டால் கூட அம்மா கையில் ஒன்று போடுவாள். உயிரோடு இருப்பவன் சோற்றில் நட்டால் சாவைக் கூப்பிட்டதாகும். லியாவ் இரண்டு வருஷத்துக்கு முன் தன் கையால் நட்டிருக்கிறான். முதல் தடவை சரியாக நிற்கவில்லை. சோறு குழைந்திருந்தது.

“ஊதுபத்தி ஏத்தினேன், பூ வச்சேன், அழுதேன்” என்றாள் லிஹுவா. “எல்லாம் வந்துச்சு. அது மட்டும் கை வரல. ஊர் பாக்குதுன்னு தெரியும். ஒவ்வொரு நாளும் இன்னிக்கு நட்டுடணும்னு ஏறுவேன். யாரும் கவனிக்கலைன்னு இறங்குவேன்.”

“பாவ்லினை நினைச்சுப் பாத்தீங்களா?”

“அவர் சொன்னாரு, நிரூபிக்க முடியாது, ரெண்டு மாசத்துல விட்டுடுவாங்கன்னு. இடம் கை மாறினதும் எல்லையைத் தாண்டிடலாம்னாரு.” அவள் நிறுத்தினாள். “நம்பினேன்னு சொல்ல மாட்டேன். நம்பற மாதிரி இருந்தேன்.”

ஷட்டர் சத்தம் குறைந்திருந்தது. வரிசையில் கடைசி ஆள் முடித்துவிட்டு நகர்ந்தான்.

“ஒரு தடவை பாக்கட்டுமா?” என்றாள் லிஹுவா.

“நீங்க தினமும் அங்க போறீங்களே.”

“பாதி வழியில ஒரு பாறைமேல கூடையை வச்சுட்டு வந்துடணும். மேல வராதேன்னுட்டாரு. மறுநாள் வெறுங்கூடை இருக்கும். இங்க நின்னா ஒரு புள்ளி தெரியும். அவ்வளவுதான்.” அவள் லென்ஸைப் பார்த்தாள். “மூணு வாரமா மூஞ்சியைப் பாக்கல.”

நோங் லியாவைப் பார்த்தாள். அவள் முகம் வேண்டாம் என்று சொன்னது. லியாவ் விலகி இடம் விட்டான்.

லிஹுவா குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். எதிரே அந்த ஆள் கேமராவை இறக்கி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஏதோ சரியில்லை என்று இன்னும் அவனுக்கு உறைக்கவில்லை.

“இளைச்சுட்டாரு” என்றாள். பிறகு நிமிராமலே, “சூயுன்கிட்ட நான் பேசினா கேப்பாளா?”

“மாட்டாங்க” என்றான் லியாவ்.

போன் அடித்தது. நோங் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வாகன இரைச்சல், ஆள் சத்தம். அதற்கு நடுவே சூயுன்.

“நோங் அக்கா, வேன் வெளிய வந்துச்சு. அவரைக் கண்ணாடி வழியாப் பாத்தேன். கை ஆட்டினேன். வளைவு வரைக்கும் போயிட்டு இப்ப திரும்பி உள்ள வருது. ஏன் திரும்புது? என்ன பண்ணாங்க அவரை? யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க…”

லியாவ் போனை வாங்கினான்.

“சூயுன். மோ உயிரோட இருக்கான். வாசல்லயே நில்லுங்க. காகிதம் எழுத மதியம் ஆகும், ஆனா விட்டுடுவாங்க.”

மறுமுனையில் இரைச்சல் மட்டும். ஏதோ ஒரு வண்டியின் கதவு திறந்தது. பிறகு போனிலிருந்து வெகுதூரம் தள்ளி, தெருவெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, சூயுன் தன் கணவனின் பெயரைக் கத்தினாள்.